மெத்தைக்கடை வில்லன்

என் வீட்டுக்காரரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அந்த மனுஷனுக்கு ஓர் எறும்பைக்கூட நசுக்கத் தெரியாது என்பதுதான். அடுத்துச் சொல்வதில்தான் வம்பே இருக்கிறது. இந்த ஊரில் பாதிப் பேரை அவர் கொன்றிருக்கிறார். சிலரை ஒன்றுக்கு இரண்டு தடவை.

உடனே போலீஸுக்குப் போன் பண்ணிவிடாதீர்கள். போலீஸுக்குத் தெரியும். அவர்கள் கூப்பிட்டுத்தான் இவர் போனார்.

பிழைப்புக்கு அவர் பார்ப்பது கடைவீதியில் இருக்கும் பெரிய மெத்தைக் கடையில் விற்பனையாளர் வேலை. பஞ்சு மெத்தை, ஸ்பிரிங் மெத்தை, முதுகுவலிக்காரர்களுக்கான கெட்டி மெத்தை என்று ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அமுக்கிக் காட்டி, "படுத்துப் பாருங்க. அவசரமே இல்ல. செருப்போடவே படுக்கலாம், பிளாஸ்டிக் உறை போட்டிருக்கு" என்பார். அந்தக் குரலுக்கே ஆள் பாதித் தூக்கத்துக்குப் போய்விடுவார். ஒரு நாள் மத்தியானம் சும்மா படுத்துப் பார்த்த பஸ் டிரைவர் ஒருவர் கடை சாத்தும் நேரத்துக்குத்தான் கண்ணைத் திறந்தார். இவர் எழுப்பவே இல்லை. "பாவம், என்ன அலுப்போ" என்று மின்விசிறியை வேறு அவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். டிரைவர் கொட்டாவி விட்டுவிட்டு நன்றி சொல்லிப் போனார். மெத்தை வாங்கவில்லை.

ஆனால் முகம் என்று ஒன்று இருக்கிறதே, அது கடவுள் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து செய்தது. புருவம் இரண்டும் நடுவில் கைகோத்துக்கொண்டிருக்கும். கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. சும்மா நின்றால்கூட யாரையோ அடிக்கக் காத்திருப்பதுபோல் இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் அம்மா தண்ணீரை அவர் எதிரே வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றதை நானே பார்த்தேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார். வெறும் தண்ணீரைப் போய்! அந்த நிமிஷமே எனக்கு ஆளைப் பிடித்துப்போய்விட்டது.

அந்த முகத்துக்குத்தான் வேலை வந்தது.

வேறெங்கோ ஒரு நகரத்தில், சனங்கள் ஆடிக்கொண்டிருந்த அரங்கத்துக்குள் தனியாக ஒருத்தன் நுழைந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்ற அநியாயத்தை நாங்கள் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதற்குப் பிறகு எங்கள் ஊரிலும் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். கூட்டம் சேரும் இடங்களில் எல்லாம் ஒத்திகை நடத்த வேண்டும் என்று உத்தரவு. அதற்குப் பொறுப்பாக வந்தவர் ஒரு முன்னாள் போலீஸ்காரம்மா. நாங்கள் அதிகாரியம்மா என்போம். அவருக்கு முதுகுவலி. கெட்டி மெத்தை கேட்டுக் கடைக்கு வந்தவர், மெத்தையைப் பார்ப்பதற்கு முன்னால் இவர் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"சார், ஒரு உதவி பண்ணுவீங்களா? நீங்க கெட்டவனா நடிக்கணும்."

"எனக்கு நடிக்கத் தெரியாதுங்களே மேடம்."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். இப்படியே வந்து நின்னாப் போதும்."

ஒத்திகையின் விதி ரொம்பச் சுலபம். இவர் இரண்டு உள்ளங்கையிலும் சிவப்புப் பொடியைப் பூசிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைய வேண்டும். சனங்கள் வாசலைப் பார்த்து ஓட வேண்டும், முடியாதவர்கள் ஒளிய வேண்டும். இவர் கை யார்மேல் பட்டதோ அவர் செத்தார். செத்தவர் அந்த இடத்திலேயே படுத்துவிட வேண்டும். ஒத்திகை முடிந்ததும் தப்பித்தவர்களுக்கெல்லாம் டீயும் பிஸ்கட்டும். செத்தவர்களுக்குக் கிடையாது. அது அதிகாரியம்மா போட்ட சட்டம். "உயிரோட இருந்தாத்தானே டீ குடிக்க முடியும்?" என்பார்.

முதல் ஒத்திகை சினிமா தியேட்டரில். நானும் போயிருந்தேன். என் மானம் போனது. கையில் பொடியோடு உள்ளே வந்த மனுஷன், முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மாவிடம் குனிந்து, "மன்னிச்சுக்கங்கம்மா, தொடலாமா?" என்று கேட்டார். அந்தம்மா, "புடவையில வேண்டாம் தம்பி, கறை போகாது. கையில வெச்சுக்க" என்று கையை நீட்டினார். அதிகாரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் பயிற்சி கொடுத்தேன். "ஏங்க, என் சமையலைச் சாப்பிட்டுட்டு ஒண்ணும் சொல்லாம எழுந்து போவீங்களே, அப்போ ஒரு மூஞ்சி வெச்சுப்பீங்க பாருங்க. அதை வெச்சுக்கங்க."

"அது உனக்குத் தெரியுமா?"

"இத்தனை வருஷம் எதிர்ல உக்காந்திருக்கேன். தெரியாம என்ன?"

கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். அடுத்தடுத்த ஒத்திகைகளில், "வந்துட்டேன்!" என்று ஒரு கர்ஜனையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் அப்படிக் கத்தியதும் சனங்கள் வீலென்று அலறுவார்கள். அப்புறம் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே விழுந்தடித்து ஓடுவார்கள். நீச்சல் குளம், ரயில் நிலையம், காய்கறி மார்க்கெட் என்று அவர் போகாத இடமில்லை. ஊருக்கே வில்லன் ஆகிவிட்டார். அவர் தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள், "வில்லன்டா!" என்று கத்திக்கொண்டு கார்களுக்குப் பின்னால் ஒளியும். கடையில் அவர் "படுத்துப் பாருங்க" என்றால், "ஏன் சார், மறுபடியும் செத்துட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே படுப்பார்கள். விற்பனை கூடியது. முதலாளிக்குச் சந்தோஷம்.

அதிகாரியம்மாவுக்குத்தான் கவலை. "எல்லாரும் சிரிச்சுக்கிட்டு ஓடறாங்க சார். இது விளையாட்டு இல்ல. தனியா வர்றவன் கதையே வேற. கூட்டாளி கிடையாது, யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டான். அதனால முன்னாடியே பிடிக்க முடியாது. சந்தோஷமா கூட்டம் கூடியிருக்கிற இடமாப் பார்த்து வருவான். சுவர் ஓரமாவே நடப்பான். எங்கெங்கே வாசல்னு பார்ப்பான். சாப்பாட்டைப் பார்க்க மாட்டான், பாட்டைக் கேட்க மாட்டான். நீங்க அப்படி வரணும்."

இவரும் கண்ணாடி முன்னால் நின்று சுவர் ஓரமாக நடந்து பழகினார். எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவர் ஓரமாக நடந்தால் தண்ணீர்க் குடத்தில் இடிக்கும். தினமும் இடித்தார்.

அதிகாரியம்மா இன்னொன்றும் செய்து பார்த்தார். சனங்களுக்குப் பயம் வரட்டும் என்று, வணிக வளாகத்து ஒத்திகையில் எதையும் முன்கூட்டிச் சொல்லாமல் சைரனை அலறவிட்டு, "தீ! தீ!" என்று கத்தச் சொன்னார். பயம் வந்தது. நன்றாகவே வந்தது. படிக்கட்டில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு இறங்கியதில் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? எனக்குத்தான். மாவுக்கட்டோடு படுத்துக்கிடந்த என் பக்கத்தில் உட்கார்ந்து இவர் கட்டின் ஓரத்தில் உதிர்ந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், "சிரிச்சுக்கிட்டு ஓடினப்போ யாரும் விழலையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு சைரனை எடுத்துவிட்டார்கள்.

ஊரில் எல்லோரும் இவரைப் பார்த்துச் சிரித்து ஓடினார்கள், ஒரே ஓர் ஆளைத் தவிர. எங்கள் மகள்.

அவளுக்கு இது ஒரு தலைவலி. பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். ஒரு நாள் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க இவர் போயிருக்கிறார். காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் நாற்காலிக்கு அடியில் பூந்துவிட்டார்கள். உள்ளே வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த ஒருவர் திறந்த வாயோடு எழுந்து ஓடப் பார்த்தாராம். அன்று வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டாள். ஒத்திகை நடக்கும் எந்த இடத்துக்கும் அவள் கால் வைத்ததில்லை. அப்பா "வந்துட்டேன்!" என்று கத்தி அவள் ஒரு தடவைகூட ஓடியதில்லை. சின்ன வயதில்கூட அவரைக் கண்டு பயந்த குழந்தை இல்லை அது. அந்த இரண்டு புருவத்துக்கும் நடுவில் பொட்டு வைத்து விளையாடிய குழந்தை.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை உள்ளூர்ப் பையன், தங்கமான பையன். இவர் கையால் பல தடவை செத்தவன். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வான். சம்பந்தியம்மா மட்டும் வெளியூரில் இருக்கிறவர். அவருக்கு இந்தக் கூத்தெல்லாம் தெரியாது. "பெண்ணோட அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டபோது மாப்பிள்ளை ஆர்வக்கோளாறில், "ஆளுங்களை விரட்டி விரட்டித் தொடுவார்மா" என்று சொல்லிவைக்க, அந்தம்மா முகம் போன போக்கை நான் பார்த்திருக்க வேண்டாம்.

கல்யாண விருந்துக்கு முந்தின நாள் மகள் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அப்பா, நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். யார் கேட்டாலும் கத்தக் கூடாது, விரட்டக் கூடாது. என் அப்பாவா மட்டும் வாங்க. சத்தியம் பண்ணுங்க."

"நான் எப்போம்மா உன் அப்பா இல்லாம இருந்தேன்?"

"பேச்சை மாத்தாதீங்க. சத்தியம்."

அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அப்புறம் தனியாக என்னிடம் வந்து, "என்னால அவளுக்கு அவ்வளவு அவமானமா இருக்கா?" என்று கேட்டார். "புருவத்தைக் கொஞ்சம் வெட்டிக்கங்க" என்றேன்.

விருந்து மத்தியானம். வாடகைக்கு எடுத்த பெரிய ஹால். தெருப் பக்கம் ஒரு வாசல். எதிர்ப் பக்கம் கார் நிறுத்தும் திடலைப் பார்த்து அகலமான கண்ணாடிக் கதவுகள். பக்கத்தில் சமையலறை. மேடையில் பாட்டுக் குழு வெளுத்து வாங்கியது. இவர் புதுச் சட்டையில் நல்ல பிள்ளையாக நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளூர்க்காரர்கள் கையை நீட்டுவதற்கு முன் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். "இன்னிக்கு லீவு" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது.

திடீரென்று என் பக்கத்தில் வந்து முணுமுணுத்தார். "ஏம்மா, அதிகாரியம்மா எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுட்டாங்களா?"

"என்ன உளர்றீங்க?"

"அங்க பாரு. சாம்பல் கலர் கோட்டு."

பார்த்தேன். தெரு வாசல் பக்கத்தில் ஓர் இளைஞன். எங்கள் பக்கத்து ஆளும் இல்லை, சம்பந்தி பக்கத்து ஆளும் இல்லை. தோளில் ஒரு பை. சுவர் ஓரமாக நடந்தான். வாசல்களைப் பார்த்தான். மேசையில் அத்தனை பலகாரம் இருந்தும் ஒரு பார்வை பார்க்கவில்லை.

"நான் நடக்கிற மாதிரியே நடக்கிறான். என்னைவிட நல்லாவே நடக்கிறான்" என்றார். அவர் குரலில் பொறாமை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷன் தன் வேஷம் பறிபோய்விட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டு விருந்துல ஒத்திகை வைக்கிறதுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? மக என்னைத்தான் திட்டுவா. இரு, கேட்டுட்டு வரேன்."

போனார். நான் இங்கிருந்தே பார்த்தேன். சிரித்துக்கொண்டே அவன் பக்கத்தில் நின்று, "தம்பி புதுசா? ஆபீஸ்ல அனுப்பிச்சாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவன் பதில் சொல்லவில்லை. அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்தானாம். இவர் பழக்கதோஷத்தில் அவன் கையைப் பார்த்திருக்கிறார். கையில் பொடி இல்லை. சுத்தமாக இருந்தது. நெற்றியில் வேர்வை ஓடியது. பையிலிருந்து பெட்ரோல் வாடை வந்தது. பாதி திறந்திருந்த பைக்குள் கத்தியின் பிடி தெரிந்தது.

இவர், "சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். நடை மாறவில்லை. முகத்தில் அதே சிரிப்பு. என் காதருகே குனிந்து சொன்னார்.

"இது ஒத்திகை இல்ல. சமையலறை வழியாப் போய் அதிகாரியம்மாவுக்குப் போன் பண்ணு. சிரிச்சுக்கிட்டே போ. முகத்துல காட்டாத."

என்னிடம் போய்ச் சொல்கிறார்! உப்புக் குறைந்தால்கூட முகத்தில் காட்டுகிறவள் நான். "நீங்க?" என்றேன்.

"அவன் எதையும் கையில எடுக்கிறதுக்குள்ள ஹால் காலியாகணும். கத்தினா மிதிச்சுக்குவாங்க. உன் கை என்ன ஆச்சுன்னு பார்த்தேன் இல்ல."

பல்லை இளித்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். தலைமைச் சமையல்காரர், "என்னம்மா, பல் வலியா?" என்று கேட்டார். போனில் விஷயத்தைச் சொன்னேன். அதிகாரியம்மா ஒரே வார்த்தையில், "வர்றோம்" என்றார். சமையல் ஆட்கள் அத்தனை பேரையும் பின்பக்கமாக வெளியே விரட்டிக்கொண்டு நானும் திடலுக்கு ஓடினேன்.

ஓடும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

"வந்துட்டேன்!"

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவப்பு. பொடிக்கு எங்கே போவார்? விருந்து மேசையில் இருந்த தக்காளி சாஸ் கிண்ணத்துக்குள் கையை விட்டிருக்கிறார். புதுச் சட்டையில் சாஸ் வழிய, மேசைகளுக்கு நடுவில் கர்ஜித்துக்கொண்டு ஓடி வந்தார். உள்ளூர்ச் சனம் ஒரு நொடி வாயைப் பிளந்தது. அப்புறம் ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. "டேய், கல்யாணத்துலயுமா!" "ஓடு ஓடு, டீ போயிடும்!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் கண்ணாடிக் கதவுப் பக்கம் ஓடி வந்தார்கள். இத்தனை வருஷமாக ஓடிப் பழகிய கால்கள். ஒருத்தரும் விழவில்லை. மாப்பிள்ளை தன் பெரியம்மாவைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு, "இன்னிக்கு என்னைத் தொட முடியாது மாமா!" என்று கூவிக்கொண்டே வெளியே பாய்ந்தான். பாட்டுக் குழு டிரம்மை விட்டுவிட்டு ஓடியது. சம்பந்தியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லோரும் ஓடும்போது அவர் மட்டும் நிற்பாரா? ஓடினார். கையிலிருந்த கேக் தட்டை மட்டும் விடவில்லை.

அந்த இளைஞனைப் பார்த்தேன். இடிந்துபோய் நின்றான். அவன் எதற்காக வந்தானோ அந்தக் கூட்டம் அவன் கண் முன்னால் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை.

திடலில் எல்லோரும் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கேட்டான். "அத்தை, அவ எங்க?"

திடலில் இருந்த தலைகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தேன், அவள் இல்லை.

உடை மாற்றும் அறையின் கதவைத் திறந்துகொண்டு அப்போதுதான் என் மகள் ஹாலுக்குள் வந்தாள். கொண்டை ஊசி குத்தப் போயிருந்தவள். நீளமான வெள்ளை உடை. எதிரே காலி நாற்காலிகள், கவிழ்ந்த டம்ளர்கள், நட்ட நடுவில் சாஸ் கையோடு அவள் அப்பா. அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் சாம்பல் கோட்டு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேச்சு அரைகுறையாகக் கேட்டது.

"ஓடு!" என்று கர்ஜித்தார்.

"சத்தியம் பண்ணீங்களேப்பா."

"ஓடும்மா! வந்துட்டேன் பாரு!"

"ஓட மாட்டேன். என்ன பண்ணுவீங்க?"

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். ஊரே அவரைக் கண்டு ஓடியது. அவள் ஒருத்திக்குத்தான் அவரிடம் பயமே கிடையாது. உண்மையை உரக்கச் சொன்னால் பின்னால் நிற்பவனுக்கும் கேட்கும். அவன் கை பைக்குள் போவதை நான் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே பாய இருந்த மாப்பிள்ளையின் சட்டையை என் முழங்கையால் இடுக்கிப் பிடித்திருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

அப்போது என் வீட்டுக்காரர் செய்ததைத்தான் நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். மகளிடம் நேராகப் போனார். அந்த வெள்ளை உடையின் தோளில் தன் உள்ளங்கையைப் பளாரென்று வைத்தார். ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன. மகள் தோளைப் பார்த்தாள். "அப்பா!" என்று ஒரு கத்தல். குனிந்து காலிலிருந்த குதிகால் செருப்பைக் கழற்றினாள்.

இவர் திரும்பி ஓட ஆரம்பித்தார். வில்லன் ஓடினார்! அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, "ஐயோ, அடிக்க வர்றா!" என்று அலறிக்கொண்டு, கண்ணாடிக் கதவைப் பார்த்து ஓடினார். செருப்பை ஓங்கிக்கொண்டு, ஒரு கையால் உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடி வந்தாள். திடலில் இருந்த சனம் கைதட்டியது.

நான் என்னை அறியாமல் கத்தினேன். "விடாதடி! துரத்து! அடி அவரை!"

இருவரும் கதவைத் தாண்டிய அதே நொடியில் நானும் சமையல்காரரும் மாப்பிள்ளையும் கதவை இழுத்துச் சாத்தி வெளித்தாழ் போட்டோம். சமையலறைக்கு வெளியே கிடந்த மேசை ஒன்றை இழுத்துக் குறுக்கே போட்டார் சமையல்காரர். "யாரும் கிட்ட வராதீங்க, தள்ளிப் போங்க, விளையாட்டு அந்தப் பக்கம்!" என்று நான் கூட்டத்தைத் திடலின் கோடிக்கு ஓட்டினேன். தெருப் பக்கம் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

உள்ளே ஆளில்லாத ஹாலில் அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டானாம். போலீஸார் நுழைந்தபோது பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறான். அந்த ஹாலில் இருந்த ஒருத்தரையும் அவனுக்குத் தெரியாது என்று பிறகு தெரிந்தது. தெருவில் போகும்போது பாட்டுச் சத்தம் கேட்டதாம். அதனால் எங்களைத் தேர்ந்தெடுத்தான். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாட்டுக் கேட்டால் நின்று கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?

இங்கே மகள் இவரை ஒரு காருக்கும் சுவருக்கும் நடுவில் மடக்கிவிட்டாள். முதுகில் இரண்டு அடி விழுந்தும் விட்டது. இவர் வாங்கிக்கொண்டு சும்மா நின்றார். அப்போதுதான் அதிகாரியம்மா சுற்றிக்கொண்டு வந்து எல்லோரையும் பார்த்தார். "ஆளைப் பிடிச்சாச்சு. உள்ள யாரும் போகாதீங்க. இது ஒத்திகை இல்ல" என்றார்.

சிரிப்பு நின்றது. சம்பந்தியம்மா கேக் தட்டை மெதுவாகக் கார்மேல் வைத்தார். யாரோ ஒரு குழந்தையைத் தூக்கி இறுக்கிக்கொண்டார்கள்.

மகள் செருப்பைக் கீழே போட்டாள். அப்பாவைப் பார்த்தாள். தோளில் இருந்த ஐந்து விரலையும் பார்த்தாள்.

"சத்தியத்தை மீறிட்டேன்மா" என்றார் இவர்.

அவளும் இவர் பெற்ற பிள்ளைதானே. அழுகை வந்தால் வேடிக்கை பேசுவது அந்தப் பரம்பரைக்கே உள்ள வியாதி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தொட்டுட்டீங்க இல்ல? அப்போ நான் அவுட்டு. எனக்கு டீ கிடையாது" என்றாள். சொல்லிவிட்டு, விதிப்படி, அந்தச் சிமெண்டுத் தரையில் வெள்ளை உடையோடு மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"எழுந்திரு!"

அது "வந்துட்டேன்" குரல் இல்லை. எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கேட்டிராத குரல். ஊரில் எத்தனையோ பேரைத் தொட்டுப் படுக்கவைத்துப் பார்த்த மனுஷன், மண்டியிட்டு விழுந்து அவளைத் தோளைப் பிடித்து உலுக்கினார். "எழுந்திருடி! படுக்காத! எழுந்திரு, எழுந்திரு!" அவள் பயந்துபோய்க் கண்ணைத் திறந்தாள். முதல் தடவையாக அப்பாவைப் பார்த்துப் பயந்தாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்தி, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதார்.

"சரிப்பா, எழுந்துட்டேன்" என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "பாருங்க. நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். பாருங்கப்பா."

சம்பந்தியம்மா வந்து தன் சால்வையால் அவர் கையிலிருந்த சாஸைத் துடைத்துவிட்டார். ஹாலுக்குள் போக முடியாததால் சாப்பாடு இல்லை. எதிர்க் கடையிலிருந்து அதிகாரியம்மா டீ வரவழைத்தார். அன்றைக்கு எல்லோருக்கும் டீ கிடைத்தது.

அடுத்த வாரம் கடைக்குப் போனார். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி மெத்தை பார்க்க வந்திருக்கிறது. அந்தப் பெண் படுக்கப் போனபோது, "வேண்டாம்மா, உட்கார்ந்து பார்த்தாப் போதும்" என்று தடுத்திருக்கிறார். அடுத்து வந்தவர்களிடமும் அதேதான். படுக்காமல் யார் மெத்தை வாங்குவார்கள்? முதலாளி நல்லவர், திட்டாமல் அவரை நாற்காலிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். ஒத்திகைக்கு இப்போதும் போகிறார். ஆனால் அதிகாரியம்மாவிடம் பேசி விதியை மாற்றிவிட்டார். கை பட்டவர்கள் படுக்க வேண்டாம், ஓரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும். டீயும் எல்லோருக்கும் உண்டு. சனங்கள் இப்போதும் சிரித்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். மகளும் வருகிறாள், எல்லோரையும்விட வேகமாக ஓடுகிறாள்.

வீட்டில்தான் எனக்கு நிம்மதி போயிற்று. மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று தலையைச் சாய்த்தால் போதும், எங்கிருந்தாலும் வந்து தோளைத் தொடுகிறார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. டீ போடட்டுமா?"

முதலில் எல்லாம் எரிந்து விழுந்தேன். இப்போது எழுந்து உட்கார்ந்து, "போடுங்க" என்று சொல்லிவிடுகிறேன்.